அச்சில் வராத பெயர்

அத்தியாயம் 5

"உசுரோட இருக்குற புள்ளையப் போயி யாரும்மா செத்தவங்க பட்டியல்ல சேப்பாங்க?"

கிளாரா டீச்சர் இப்படிக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த சின்னப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தபோது காலை மணி ஒன்பதரை. நவம்பர் இரண்டாம் தேதி. திண்டுக்கல்லில் கத்தோலிக்கக் குடும்பங்கள் அத்தனையும் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்க அலைந்துகொண்டிருந்த கல்லறைத் திருநாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் தமிழ்மதி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் க்ளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், பழனி ரோட்டில் ஒரு டயர் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டு ஏழு வருஷமாகிறது. ஜன்னலோரம் மைதீன் பிச்சை. பதினெட்டு வருஷம் மினிபஸ்ஸில் விசிலடித்த கண்டக்டர். முட்டி தேய்ந்ததும் பஸ்ஸை விட்டார், வாயை விடவில்லை. போர்டில் உதவியாளர் என்று போட்டிருந்தாலும், தன்னைவிடப் பத்து வயது சின்னவளான மேடத்தை வம்புக்கு இழுப்பதுதான் தன்னுடைய முழுநேர வேலை என்று அவருக்கு ஓர் எண்ணம்.

அன்றைக்கு அந்த வாய் கொஞ்சம் தயங்கியது. ஐம்பத்தைந்து வயது டீச்சர் ஒருவர், புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஜோக் வரும்?

புத்தகத்தில் அந்த வருஷம் அந்தத் தேவாலயப் பங்கில் இறந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பெயர், வயது, இறந்த தேதி. ஏழாம் பக்கத்தில் நடுவாக ஒரு வரி: ரா. இனிகோ. பக்கத்தில் 'வயது' என்று இருந்தது, எண் இல்லை. 'தேதி' என்று இருந்தது, தேதி இல்லை.

"ஒங்க மகனா?" என்றாள் தமிழ்மதி.

"ஒரே மகன். வீட்டுல அப்புன்னு கூப்புடுவோம். நாலு வருஷத்துக்கு முன்னாடி அவங்கப்பாவோட சண்ட போட்டுக்கிட்டு வீட்ட விட்டுப் போனான். 'இனி இந்த வாசப்படிய மிதிக்காத'ன்னு அவரு ஒரு வார்த்த விட்டுட்டாரு. ரோசக்காரப் பய, மிதிக்கவே இல்ல."

"இது வேற இனிகோவா இருக்கலாமுல்ல?"

"இந்தப் பங்குல வேற இனிகோ கெடையாது. இன்னைக்கு நாலு மணிக்குக் கல்லறத் தோட்டத்துல சாமியாரு இதுல உள்ள பேரு ஒவ்வொண்ணையும் வாசிச்சு ஜெபம் பண்ணுவாரு. 'ஒங்க மகன் பேர வாசிக்கவா வேணாமா, நாலு மணிக்குள்ள சொல்லுங்கம்மா'ன்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

மைதீன் பிச்சைக்கு நெஞ்சுக்குள் ஏதோ கனத்தது. அதை இறக்கி வைக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "இதுக்குப் போயி எதுக்கு டீச்சர் துப்பறியணும்? அச்சடிச்சவன் சட்டையப் புடிச்சுக் கேட்டா முடிஞ்சது."

"அச்சடிச்சது எங்க கடைதான். எங்க வீட்டுக்காரரு ராயப்பராஜ்தான் முப்பது வருஷமா இந்தப் புத்தகத்த அடிக்கிறாரு."

மைதீன் பிச்சை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

"காலையில அவருகிட்ட கேட்டேன். 'புதுசா வந்த பொண்ணு ஏதோ தப்பா அடிச்சிருக்கும், மறுபடி அச்சடிச்சுக்கலாம்'னு சொல்லிட்டு, எங்க மாமியார் கல்லறையக் கூட்டப் போயிட்டாரு. தப்பாவே இருக்கட்டும். ஆனா அந்தப் பொண்ணுக்கு எம்மகன் பேரு எப்புடித் தெரியும்?" டீச்சர் கைப்பேசியை எடுத்தார். "அவன் உசுரோடதான் இருக்கான். இங்க பாருங்க."

நான்கு வருஷத்துச் செய்திகள். நாளுக்கு ஒன்று. 'சாப்டியா அப்பு.' 'அங்க மழையா.' 'நெஞ்சுச் சளி போச்சா.' பதில் என்று ஒரு எழுத்துகூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் இரண்டு நீல டிக்.

"படிக்கிறான் பாத்தீங்களா? மொத வருஷம் கண்ட நேரத்துலயும் பாப்பான். நடுவுல ஒரு மாசம் பாக்கல. அப்பறம் இந்த மூணு வருஷமா பதினோரு மணி வாக்குலதான் பாக்குறான், வேல அப்புடி போல. ஞாயித்துக்கெழம பாக்க மாட்டான். செப்டம்பர்ல ரெண்டு வாரம் நீலமே ஆகல, பயந்தே போயிட்டேன். அப்பறம் பழையபடி பாத்துட்டான். அவன் நம்பர் அத்துப்போயிரக் கூடாதுன்னு மாசாமாசம் நான்தான் ரீசார்ஜ் பண்ணுறேன்."

தமிழ்மதி செய்திகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். கடைசிச் செய்தி அன்று காலை ஆறு மணிக்குப் போயிருந்தது. 'இன்னைக்காவது ஒரு வார்த்த பேசுப்பா.' அதன் ஓரத்தில் ஒற்றை டிக்.

"நாலு மணிக்குள்ள சொல்றோம் டீச்சர்" என்றாள்.

*

பங்கு அலுவலகத்தில் ரோசலின் என்ற குமாஸ்தா அம்மாள் நோட்டை எடுத்துப் போட்டார். யாராவது இறந்தால் அன்றைக்கே அதில் பெயர் ஏறும். மாதம் முடிந்ததும் ஒரு நகல் ராயப்பராஜ் கடைக்குப் போகும்.

தமிழ்மதி விரலால் எண்ணினாள். "நோட்டுல அறுபத்து மூணு. புத்தகத்துல அறுபத்து நாலு."

"எம் பஸ்ஸுல நாப்பது பேருக்கு டிக்கெட் குடுத்தா அறுபது பேரு எறங்குவாங்க" என்றார் மைதீன் பிச்சை. "இது பரவால்ல."

"இனிகோ பேர இங்க யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா?"

ரோசலின் சிலுவை போட்டுக்கொண்டார். "யாத்தே! டீச்சர் அந்தப் புள்ளைக்காகத் தெனமும் முழங்கால்ல நிக்குது. எங்க கையி வெளங்குமா?"

அப்படியானால் பெயர் நுழைந்த இடம் கடைதான்.

*

நாகல்நகரில் ராயப்பராஜின் கடை ஒரு பாத்திரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் அனிஷா. சித்தையன்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற இருபத்தாறு வயதுப் பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. விஷயத்தைச் சொன்னதுமே அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சாரோட மகனா? சத்தியமா தெரியாதுக்கா. சார் மகன் வெளியூர்ல இருக்காருன்னு மட்டும் சொன்னாங்க. அப்புன்னு ஏதோ பேரு."

"அழாத. பேரு எப்புடி வந்துச்சுன்னு மட்டும் சொல்லு."

"நான் அடிக்கலக்கா. அது ஃபைல்லயே இருந்துச்சு."

"பெறகு எதுக்குத் தாயி ஒதறுது?" என்றார் மைதீன் பிச்சை.

"ஏன்னா, அது அச்சுல வந்தது என்னாலதான்."

மைதீன் பிச்சை தமிழ்மதியைப் பார்த்தார். தமிழ்மதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்க ரெண்டு பேருக்கும் இந்த வேலையில ஒரு மண்ணும் தெரியாது. பிள்ளைகளுக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

அனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைத் திருப்பினாள். அதில் படமோ அழகோ எதுவும் இல்லை. வெறும் எழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு புள்ளி, ஒரு எழுத்து.

"மத்த கடையில எல்லாம் மவுசுல இழுத்து இழுத்துப் பக்கம் அமைப்பாங்க. சாருக்கு அது புடிக்காது. எழுத்த வெறுமனே அடிச்சு வெச்சிருவாரு. வரிக்கு முன்னால புள்ளி வெச்சு 'பே'ன்னு போட்டா, அது பேரு. மெஷினே அதக் கொட்ட எழுத்துல போட்டு, பக்கத்துல வயசு, தேதியெல்லாம் அமைச்சுரும். புள்ளி வெச்சு 'த'ன்னா தலைப்பு. இந்த மாதிரிக் கட்டளைக்குப் பேரு மேக்ரோ. எந்தக் கட்டளைக்கு என்ன செய்யணுங்கிறது தனியா இன்னொரு சின்ன ஃபைல்ல இருக்கும்."

"எத்தன கட்டள?"

"மொத்தமே ஒன்பதுதான். சாரே எழுதுனது. ஒரு பக்கத்துல அடங்கிரும். 'கல்யாணப் பத்திரிக்கையில இருந்து கருமாதிப் பத்திரிக்க வரைக்கும் இந்த ஒன்பது போதும்மா, பத்தாவது கேக்குறவன் வேல தெரியாதவன்'னு சொல்லுவாரு." அவள் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். "எட்டுக் கட்டளைக்கும் வேல இருந்துச்சு. ஒன்பதாவது இந்த 'சு'. இத மட்டும் தொறந்து பாத்தேன், உள்ள ஒண்ணுமே இல்லக்கா. காலி."

"காலின்னா?"

"அந்த வரி வந்தா மெஷின் எதுவும் செய்யாது. அச்சுல வராது. தப்புன்னும் சொல்லாது. பாத்தும் பாக்காத மாதிரி தாண்டிப் போயிரும்."

"நம்ம பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் மாதிரி" என்றார் மைதீன் பிச்சை. யாரும் சிரிக்கவில்லை.

"போன மாசம் பட்டியல முடிச்சு எண்ணிப் பாத்தேன். ஃபைல்ல அறுபத்து நாலு பேரு, அச்சுல அறுபத்து மூணு. ஒரு ஆளு விட்டுப் போச்சு. பாத்தா, இனிகோங்கிற பேருக்கு முன்னால மட்டும் 'பே'க்குப் பதிலா 'சு' இருக்கு. சார் அந்தக் கட்டளைய எழுத ஆரம்பிச்சு முடிக்காம விட்டுட்டாருன்னு நெனச்சேன். சாருக்குக் கண்ணு ஆபரேஷன் ஆகி இப்பத்தான் தேறி வாராரு, இதப் போயி கேட்டுக்கிட்டு... கல்லறையில ஒரு குடும்பம் மெழுகுவத்திய ஏந்திக்கிட்டு நிக்கும், அவங்க ஆளு பேரு மட்டும் வரலன்னா எம்புட்டு அழுவாங்க? அதான் 'பே'ல இருந்ததக் காப்பி பண்ணி 'சு'க்குள்ள போட்டு ஓட்டுனேன். வயசும் தேதியும் காலியா இருந்தத அப்பக் கவனிக்கல. நல்லதுன்னு நெனச்சுத்தாங்க்கா செஞ்சேன்."

பாவி மகள், இவ்வளவு நல்ல மனசு எதற்கு உனக்கு என்று மைதீன் பிச்சை உள்ளுக்குள் நொந்துகொண்டார்.

தமிழ்மதி எழுந்தாள். "போன வருஷ ஃபைல் இருக்கா?"

இருந்தது. அதில் தேடினார்கள். '.சு ரா. இனிகோ.' அதற்கு முந்தைய வருஷம். '.சு ரா. இனிகோ.' அதற்கும் முந்தைய வருஷம், மறுபடியும் அதே வரி. அலமாரியில் இருந்த அந்தந்த வருஷத்து அச்சுப் புத்தகங்களைப் புரட்டினால் எதிலும் அந்தப் பெயர் இல்லை.

"பேய் வேலையா இருக்குமோ?" மைதீன் பிச்சை குரலைத் தாழ்த்தினார். அவருக்கு நிஜமாகவே முதுகு சில்லிட்டிருந்தது.

"பேய்க்கு மேக்ரோ எழுத வராதுண்ணே. இதப் பாருங்க. பட்டியல் தேதி வரிசையில போகுது. மொத ஃபைல்ல இவனுக்கு மேல இருக்கறவரு செத்தது ஜூன் பதினாலு. கீழ இருக்கறவரு ஜூன் பத்தொன்பது."

"சரி?"

"அடுத்த வருஷம் வேற ஆளுங்க. ஆனாலும் இவன் ஜூன் பதினஞ்சுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல நிக்கிறான். அதுக்கு அடுத்த வருஷமும் அப்புடியே. இந்த வருஷமும் அப்புடியே. தேதிய எழுதாம விட்டவருக்குத் தேதி மறக்கல."

மைதீன் பிச்சை இழுத்தார். "அப்ப பையன்..."

"ஒரு வருஷம் எழுதுனா அது தகவலு. நாலு வருஷம் எழுதி, ஒரு தடவகூட அச்சுல வராம பாத்துக்கிட்டா அது வேற." அவள் அனிஷாவின் பக்கம் திரும்பினாள். "இந்தக் கட்டளை ஃபைல உனக்கு முன்னால தொட்டது யாரு?"

"சார் மட்டும்தான்."

"கண்ணு ஆபரேஷன் எப்ப நடந்துச்சு?"

"செப்டம்பர் நாலாந்தேதி. ரெண்டு வாரம் கடைப்பக்கமே வரல."

"ஞாயித்துக்கெழம கடை உண்டா?"

"லீவுக்கா."

"கடைசியா ஒண்ணு. டீ எத்தன மணிக்குக் குடிப்பாரு?"

அனிஷா விழித்தாள். "பதினோரு மணிக்கு. உள் ரூமுல கதவச் சாத்திக்கிட்டுத் தனியாத்தான் குடிப்பாரு. அந்நேரம் யாரும் கூப்புடக் கூடாது."

பதினோரு மணி. ஞாயிறு இல்லை. செப்டம்பரில் இரண்டு வாரம் இல்லை. காலையில் டீச்சர் சொன்ன கணக்கை மைதீன் பிச்சை மனசுக்குள் ஒருமுறை ஓட்டினார். அப்புறம் அங்கிருந்த மர பெஞ்சில் மெல்ல உட்கார்ந்துவிட்டார். முட்டிவலி காரணமில்லை.

*

மூன்று மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். சுண்ணாம்பு அடித்த கல்லறைகளின்மேல் கோழிக்கொண்டையும் செவ்வந்தியும். வெயில் இன்னும் இறங்கவில்லை, ஆனாலும் ஆங்காங்கே மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. வேப்பமரத்துக்குப் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த மனிதர் தன் தாயின் கல்லறையை விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார்.

தமிழ்மதி தன்னை இன்னாரென்று சொன்னாள். வேறு எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"மகனோட போன எங்க வெச்சிருக்கீங்க?"

விளக்குமாறு நின்றது. ராயப்பராஜ் நிமிரவில்லை. தோளில் தொங்கிய பையைத் தொட்டுக் காட்டினார்.

"கீரனூர் பக்கம் ஒரு தேங்காக் களத்துல மட்ட உரிக்கிற வேலையில இருந்திருக்கான். களத்துக்காரரு கடைக்குப் போன் போட்டாரு. 'ஏனுங்க, உங்க கடைக் கார்டு ஒரு பையன் பர்சுல இருக்குதுங்க, மஞ்சக்காமால முத்திப் போச்சுங்க, சீக்கிரம் வாங்க'ன்னாரு. எங்கடைக் கார்ட வெச்சிருந்திருக்கான் பாருங்கம்மா. வாசப்படிய மிதிக்காதன்னு சொன்னவன் கார்ட."

அவர் கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நான் போனப்ப உசுரு இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. என் கையப் புடிச்சுக்கிட்டான். 'அம்மாகிட்ட இப்பச் சொல்லாதீங்கப்பா, நல்லாயிட்டு நானே போயி முன்னால நிக்கிறேன்'னான். அதான் கடைசி. அந்தப் பக்கமே ஒரு கிராமத்துக் கோயில் கல்லறையில வெச்சுட்டு வந்தேன். சொல்லிரணும்னுதான் வந்தேன். கதவத் தொறந்ததும் கிளாரா, 'அப்பு நம்பருக்கு ரீசார்ஜ் போட்டேங்க'ன்னு சிரிச்சா. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நாளைக்கு நாளைக்குன்னு மூணு வருஷம் ஓடிப்போச்சு."

"அந்த நீல டிக்?" மைதீன் பிச்சையால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தப் பய போனுக்குப் பூட்டே போடல. ஒரு மாசமா அவன் எதையும் பாக்கலன்னு இவ சோறு தண்ணி எறங்காம கெடந்தா. ஒருநாள் கடையில அதத் தொறந்தேன். அவ அனுப்புனது அம்புட்டும் அதுல இருந்துச்சு. படிச்சுட்டு மூடி வெச்சேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனா கேசரி கிண்டி வெச்சிருக்கா. 'அப்பு பாத்துட்டாங்க'ங்கிறா. பெறகு எப்புடிம்மா நிறுத்துவேன்?"

திண்டுக்கல்காரன் ஒருவன் பூட்டுப் போடாமல் விட்டது அந்த ஒன்றைத்தான் போலிருக்கிறது என்று மைதீன் பிச்சைக்குத் தோன்றியது. சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஜோக்கை அவர் விழுங்கினார்.

"அந்த ஒன்பதாவது கட்டள?" என்றாள் தமிழ்மதி.

"சாமியாரு எல்லார் பேரையும் வாசிக்கிறப்ப எம்புள்ள பேரு மட்டும் இல்லாமப் போயிருமேம்மா. ஊருக்குத் தெரியக் கூடாது. ஆனா பட்டியல்ல இருக்கணும். 'சு'ன்னா சும்மா. சும்மா அங்க இருக்கட்டும்னு எழுதுனேன். நான் பேரு அடிச்சது மெஷினுக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும்." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழ்மதியைக் கும்பிட்டார். ஆபரேஷன் செய்த கண் சிவந்திருந்தது. "ஒரு உபகாரம் பண்ணுங்க. அனிஷா தப்பா அடிச்சுருச்சுன்னு சொல்லிருங்க. அந்தப் புள்ளைகிட்ட நான் பேசிக்கிறேன். கிளாரா இப்புடியே இருந்துட்டுப் போகட்டும்."

மைதீன் பிச்சைக்கு அது ரொம்பச் சுலபமாகத் தெரிந்தது. ஒரே ஒரு பொய். பஸ்ஸில் இருந்தபோது செக்கிங் அதிகாரியிடம் நாளுக்கு நாலு சொன்னவர்தான். சொல்லிவிட்டால் டீச்சர் வீட்டுக்குப் போய்க் கேசரி கிண்டுவார். நாளைக்குப் பதினோரு மணிக்கு நீலம் ஆகும். யாருக்கு நஷ்டம்?

"மேடம்..." என்று ஆரம்பித்தார்.

"மூணு மாசமா பஸ் ஏறி வந்து வேல பாக்குற பொண்ணுண்ணே. ஒரு தாய்கிட்ட அவ புள்ளைய சாகடிச்சவன்னு பேரு வாங்கணுமா?" தமிழ்மதியின் குரலும் சரியாக இல்லை. "நீங்க எத்தன வருஷம் இதச் செய்வீங்க சார்? உங்களுக்குப் பெறகு பதினோரு மணிக்கு யாரு தொறப்பா? அன்னைக்கு அந்தம்மா தனியா ஒக்காந்து அந்த ஒத்த டிக்கையே பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

ராயப்பராஜ் அவர்களைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் பக்கமிருந்து கிளாரா டீச்சர் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் மஞ்சள் பை. இன்னொரு கையில், வழக்கம்போல, கைப்பேசி.

"கண்டுபிடிச்சீங்களாம்மா?" டீச்சரின் குரலில் பயமும் ஆசையும் சரிபாதியாக இருந்தன. "தப்புத்தானே? தப்பா விழுந்ததுதானே?"

தமிழ்மதி ராயப்பராஜைப் பார்த்தாள். மைதீன் பிச்சையும் பார்த்தார். அந்த மனிதர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். அப்புறம் பையைத் திறந்து, மூலை உடைந்த ஒரு பழைய போனை எடுத்து, பொத்தானை அழுத்தினார். அது உயிர்பெறக் கொஞ்ச நேரம் பிடித்தது. முகத்துக்கு மிக அருகே வைத்துக்கொண்டு விரலால் ஒரே ஒரு இடத்தில் தொட்டார்.

கிளாரா டீச்சர் அந்தப் போனைப் பார்த்தார். அப்புறம் தன் கையில் இருந்ததைப் பார்த்தார். 'இன்னைக்காவது ஒரு வார்த்த பேசுப்பா.' ஒற்றை டிக் இரண்டாயிற்று. இரண்டும் அவர் கண்முன்னாலேயே நீலமாயின.

பக்கத்துக் கல்லறையில் யாரோ ஊதுபத்தி கொளுத்தினார்கள். ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது.

"எப்பங்க?" என்றார் டீச்சர்.

"மூணு வருஷமாச்சு. ஜூன் பதினாறு."

"நோவா?"

"மஞ்சக்காமால. கடைசியில நான் கூடத்தான் இருந்தேன் கிளாரா. ஒன்னத்தான் கேட்டான். நீ போட்ட மெசேஜ எல்லாம் மொத வருஷம் அவந்தான் படிச்சான். சத்தியமா அது அவந்தான்."

டீச்சர் அழவில்லை. கணவரைக் கையோங்கி அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை என்று மைதீன் பிச்சை நினைத்தார். ஏதோ பழைய கணக்கு வீட்டுப்பாடம் ஒன்றைத் திருத்துகிறவர்போல டீச்சர் யோசித்தார்.

"அவன் பாத்துட்டான்னு நான் கேசரி கிண்டுவேன்ல" என்றார். "நீங்களும் ஒக்காந்து தின்னீங்களே."

ராயப்பராஜ் தாயின் கல்லறையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கோயில் மணி அடித்தது. கூட்டம் நடுவிலிருந்த பெரிய சிலுவையை நோக்கி நகர்ந்தது. கிளாரா டீச்சர் மஞ்சள் பைக்குள் கையை விட்டு இரண்டு மெழுகுவர்த்திகளை எடுத்தார்.

"ரெண்டு வாங்கிட்டு வந்தேன். ஒண்ணத் திருப்பிக் கொண்டு போயிரலாம்னு நெனச்சேன்." ஒன்றைக் கணவர் கையில் வைத்தார். "இது உங்க அம்மாவுக்கு." மற்றதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகச் சாமியாரிடம் போனார். தலையை அசைத்து, "வாசிங்க சாமி" என்றார்.

அனிஷாவும் வந்திருந்தாள். கடையில் இருக்கப் பொறுக்காமல் ஓடி வந்திருக்கிறாள். சுவரோரம் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். மைதீன் பிச்சை போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். சும்மா நின்றார்.

சாமியார் வாசிக்கத் தொடங்கினார். நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு மூலையில் ஒரு மெழுகுவர்த்தி உயர்ந்தது. பெயர், வயது, தேதி, கூட்டத்தின் பதில் ஜெபம். அப்புறம் அடுத்தது. ஏப்ரல், மே, ஜூன்.

"ரா. இனிகோ" என்று வாசித்தார் சாமியார். பழக்கத்தில் அடுத்த சொல்லும் வந்துவிட்டது. "வயது..."

அங்கே எதுவும் இல்லாததால் அவர் நிறுத்தினார். மைக்கில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இருபத்தி மூணு" என்றார் கிளாரா டீச்சர்.

முப்பது வருஷம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்த குரல். கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"தேதி ஜூன் பதினாறு."

சாமியார் இரண்டையும் திருப்பிச் சொன்னார். கூட்டம் பதில் ஜெபம் சொன்னது. மைதீன் பிச்சைக்கு அந்த ஜெபம் தெரியாது; ஆனாலும் அவர் உதடுகள் தன்பாட்டுக்கு எதையோ முணுமுணுத்தன. பக்கத்தில் அனிஷா புத்தகத்தைச் சுவரில் அழுத்தி வைத்துக்கொண்டு, ஏழாம் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த இரண்டு இடங்களிலும் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள்.